இரண்டு பேர் கட்டிய பாட்டு

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், பாதி மண்ணுக்குக் கீழேயும் பாதி மேலேயுமாக இருந்தது சலவைக்கூடம். அங்கே வேலை பார்த்தவளை எல்லோரும் மேகம் என்று கூப்பிட்டார்கள். அதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். காலையில் பெரிய உருளை இஸ்திரிக்குள் ஈரமான படுக்கை விரிப்புகளை விட ஆரம்பித்ததும் நீராவி எழும்பி அவளை இடுப்புவரை மறைத்துவிடும். தலையும் தோளும் மட்டும் மேலே மிதந்துகொண்டிருக்கும். அது ஒன்று. இன்னொன்று, எதிரில் நிற்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், அவளும் தலையாட்டிக்கொண்டே இருப்பாள். கடைசியில் பார்த்தால் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழுந்திருக்காது.

"எங்கே போயிட்டே?" என்று கேட்பார் மேஸ்திரி.

"இங்கேதான் இருக்கேன்."

"உடம்பு இருக்கு, அது தெரியுது. ஆளைக் கேட்கிறேன்."

அவள் சிரித்துவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பாள். கை மட்டும் தப்பு பண்ணாது. கறை போகாத துணி, ஓரம் கிழிந்த துணி, குழந்தைகள் வார்டுக்குப் போகிற சின்னத் துணி எல்லாம் கண் பார்க்காமலே தனித்தனிக் கூடைக்குப் போய்விடும்.

சலவைக்கூடத்து ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருந்தன. வெளியே அது தெருவின் தரைமட்டம். அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு உலகம் என்பது கால்கள்தான். பதறி ஓடும் கால், குழந்தை பிறந்த சந்தோஷத்தில் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் வைக்கும் கால், யாரையோ உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து போகவும் மனசில்லாமல் நிற்கவும் முடியாமல் தரையைத் தேய்க்கும் கால். மேகம் அந்தக் கால்களுக்கு முகம் வரைந்து பார்ப்பாள். பெயர் வைப்பாள். சில சமயம் அவர்களுக்குக் கல்யாணமும் பண்ணி வைப்பாள்.

அவளும் அவள் தங்கையும் ஒன்றாகத்தான் அந்த வேலைக்குச் சேர்ந்தார்கள். இளவயது. பெரிய விரிப்பை மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். இந்த முனையை ஒருத்தி பிடிக்க, அந்த முனையை இன்னொருத்தி பிடிக்க, இழுத்து உதறி, பாதியாக்கி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டு, தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். நாள் முழுக்க இதேதான். வருவதும் போவதும், வருவதும் போவதும்.

தங்கைக்குச் சும்மா இருக்க வராது. ஒருநாள் மதியம் அலுப்புத் தாங்காமல், "விரிச்சா வானம்" என்று ராகமாக இழுத்தாள். மேகம் தன் முனையோடு நடந்து வந்துகொண்டே, "மடிச்சா மேகம்" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த விரிப்புக்கு அடுத்த அடி. அப்படியே ஒரு வார வேலையில் பாட்டு வளர்ந்தது.

விரிச்சா வானம், மடிச்சா மேகம்,
உன் முனை உனக்கு, என் முனை எனக்கு,
நடந்து நடந்து நடுவுல வா,
யாரா இருந்தா என்ன, கைக்குக் கை கொடு.

இதில் எந்தச் சொல் யாருடையது, மெட்டு எங்கே ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குத் தாவியது என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது. தங்கையின் குரல் கணீர் என்று முன்னால் போகும். மேகத்தின் குரல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி பின்னாலேயே வரும். அதுதான் அந்தப் பாட்டின் அழகு என்று பிறகு வந்த வானொலிக்காரி சொன்னாள். வேலை செய்கிறவர்கள் பாடுகிற பாட்டுகளைத் தேடிப் பதிவு செய்துகொண்டிருந்த அவள், ஒரு நாள் ஆவிக்குள் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இதையும் பதிவு செய்துகொண்டு போனாள். அவ்வப்போது காலை நேரத்தில் வானொலியில் வரும். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். யார் பாடியது என்று தெரியாது. நர்சுகள் படுக்கை விரிக்கும்போது முணுமுணுப்பார்கள். அது போதும் என்றிருந்தது மேகத்துக்கு.

தங்கைக்கு அது போதவில்லை. ஆனால் அவள் அதைச் சொன்னதில்லை. கல்யாணமாகி ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனாள். கணவனோடு சேர்ந்து கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று ஆரம்பித்தாள். சண்டை ஒன்றும் கிடையாது. போனில் பேசுவது குறைந்து, நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசுவது என்று ஆனது. அவ்வளவுதான்.

தங்கை விட்டுப்போன முனையை யார் யாரோ பிடித்தார்கள். கடைசியாக வந்தவள்தான் நிலைத்தாள். அவள் வெகுதூரத்திலிருந்து கடல் தாண்டி வந்தவள். பாஷை தெரியாது. "இவ அக்கரைக்காரி" என்று மேஸ்திரி அறிமுகப்படுத்தினார். அதுவே பெயராகி, சுருங்கி, 'அக்கரை' என்றாகிவிட்டது. மேகம் மட்டும் அதைக் கொஞ்சம் அழுத்தி 'அக்கறை' என்பாள். காரணம் இருந்தது. மேகத்தின் முழங்கையில் ஒருமுறை ஆவி பட்டுக் கொப்பளித்தபோது, அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய், எரிச்சல் அடங்கும்வரை கையை விடாமல் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கரை இந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொண்டதே அந்தப் பாட்டில்தான். வானம், மேகம், முனை, நடுவு, கை. கடைத்தெருவில் விலை கேட்கத் தெரிவதற்கு முன்பே 'யாரா இருந்தா என்ன' என்று சொல்லத் தெரிந்திருந்தது அவளுக்கு. அதை எல்லாவற்றுக்கும் சொல்வாள். மழை வருகிறதே என்றால், யாரா இருந்தா என்ன. பஸ் போய்விட்டதே என்றால், யாரா இருந்தா என்ன. சலவைக்கூடமே அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டது.

*

தேர்தல் வந்தது. சுவரெல்லாம் முகங்கள் முளைத்தன.

ஒரு சாயங்காலம் மேகம் தன் கணவனோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். அவன் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவன். நாள் முழுக்க ஒரு பெட்டிக்குள் மேலும் கீழும் போய்வருவதால், வெளியே வந்ததும் பக்கவாட்டில் நடப்பதே அவனுக்குப் பெரிய உல்லாசம். நாற்சந்தியில் கூட்டம் நின்றது. பூப்போட்ட வண்டி ஒன்று ஊர்ந்து வந்தது. அதன் தலைமேல் நான்கு திசைக்கும் ஒலிபெருக்கி.

*விரிச்சா வானம்...*

மேகம் நின்றுவிட்டாள். தங்கையின் குரல். இருபது வயதுத் தங்கையின் குரல், வீட்டுக் கூரை உயரத்துக்குப் பெரிதாகி, கடைகளின் கண்ணாடியெல்லாம் அதிர, தெருவை நிறைத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே இவளுடைய குரல், தூங்கி எழுந்த குரல். அடியில் புதிதாக மேளம் சேர்த்திருந்தார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உடம்பு லேசாகி, செருப்பு தரையை விட்டுக் கிளம்பிவிட்டது போலிருந்தது. தெருவே ஒரு பெரிய விரிப்பாகி, அந்தக் கோடியில் யாரோ அதை உதறுவது போலவும், வீடுகளும் மரங்களும் மெல்ல மேலே எழும்பித் தாழ்வது போலவும் பட்டது. கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், இது உங்க பாட்டு இல்லே?" என்றான் அவன்.

"ஆமா."

"உன்னைக் கேட்டாங்களா?"

"இல்லையே."

அதற்குள் கடைசி அடி வந்தது. அங்கே அக்கா தங்கை குரல் அமுங்கி, ஆண்கள் பலர் சேர்ந்து கத்தினார்கள்.

*யாரு யாருன்னு பார்த்து, கைக்குக் கை கொடு!*

தொடர்ந்து வேட்பாளரின் பெயர். பிறகு, "நம்ம ஊரு நம்மாளுக்கே!" என்ற கோஷம். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்களைத் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லித்தான் அவர் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேகத்தின் செருப்பு மறுபடி தரையில் பட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். தன் குழந்தை வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, தன்னைத் தெரியாதது போலத் தெருவில் ஆடிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் அந்தச் சட்டையின் நிறம்கூடக் கண்ணில் தெரிந்தது.

*

அடுத்து வந்த நாட்களில் ஜன்னலுக்கு மேலே அந்த வண்டி அடிக்கடி போனது. ஊர்வலக் கால்கள் போயின. ஒவ்வொரு முறையும் சலவைக்கூடத்தில் எல்லோரும் வேலையில் மும்முரமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருவன் மட்டும் தெரியாத்தனமாக அந்தப் புது அடியையே முணுமுணுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்கரை பாடுவதை நிறுத்தினாள். விரிப்பின் அந்த முனையைப் பிடித்தாள், உதறினாள், நடந்து வந்தாள், கையில் கொடுத்தாள். ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. துணியைக் கொடுத்த கை உடனே பின்வாங்கியது.

"ஏன் பாடமாட்டேங்கிறே?" என்று கேட்டாள் மேகம்.

அக்கரை கொஞ்சம் யோசித்தாள். சொற்களைத் தேடி எடுத்தாள். "அக்கா, அந்தப் பாட்டு என்னைப் போகச் சொல்லுது."

"அது நாங்க சொன்னதில்லை."

"உங்க குரல்தானே."

மேகம் அடுத்த விரிப்பைக் கையில் எடுத்தாள். மதியம் துணி மூட்டைகளின் மேல் சாய்ந்து கண் அயர்ந்தபோது ஒரு கனவு வந்தது. ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்புகளெல்லாம் எழுந்து ஆட்களைப்போல் வரிசையாகத் தெருவில் நடக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் நின்று, யாரு, யாரு என்று கேட்கின்றன. அவள் வாசலுக்கும் வந்தன. அவள் தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் பெயர் நினைவில்லை. திடுக்கிட்டு விழித்தபோது அக்கரை எதிரில் உட்கார்ந்து ஊசியால் ஒரு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் மடியில் விழுந்திருந்தது.

அன்று வேலை முடிந்ததும் மேகம் நேராக வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போனாள்.

அவளை விரட்டுவார்கள் என்று நினைத்துப் போனாள். யாரும் விரட்டவில்லை. நாற்காலி போட்டார்கள். வேட்பாளரே எழுந்து வந்தார். சுவரில் பார்த்ததைவிடக் கொஞ்சம் குள்ளம், கொஞ்சம் களைப்பு. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்களா பாடினது? அடடா! எங்க பையன் தினம் அதைக் கேட்டுட்டுத்தான் தூங்கறான்மா."

அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. கோபப்படத் தயாராக வந்தவளுக்குக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

"ஐயா, கடைசி அடியை மாத்திட்டீங்க. அது வேண்டாம். பாட்டே வேண்டாம், எடுத்துடுங்க."

"ஏன்மா? ஊரே பாடுது."

"எங்களைக் கேட்கலையே."

வேட்பாளர் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கனிவாகச் சிரித்தார். "பாட்டுங்கிறது காத்து மாதிரிம்மா. யார் வேணா மூச்சு விடலாம். யாருக்கு அது சொந்தம், சொல்லுங்க?"

மேகம் நாற்காலியை விட்டு எழுந்தாள். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினாள். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான், காற்று என்றால் அதில் எதற்கு உங்கள் பெயரைக் கட்டிவிட்டீர்கள் என்று கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. பக்கத்து இருக்கைக்காரியிடம் அதைச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். வாய் அசைந்துவிட்டது போல. அந்தம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டில் கணவன் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நானும்தான் ஆளுங்களை மேலே ஏத்தி விடறேன். ஆனா திரும்ப இறக்கியும் விடுவேன். அவரு உன்னை நாற்காலியில ஏத்தி உட்கார வெச்சுட்டு அப்படியே விட்டுட்டாரு பாரு."

*

மேகம் தேடிப்போன வானொலிக்காரிக்கு இப்போது தலை நரைத்திருந்தது. ஆனாலும் பாட்டை மறக்கவில்லை. "நாங்க யாருக்கும் அதைத் தரலை. எங்க ஒலிபரப்பிலேர்ந்து எடுத்திருக்காங்க. சொல்லும் மெட்டும் உங்க ரெண்டு பேரோடது. நீங்க கேஸ் போடலாம்" என்று ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினாள்.

வக்கீலம்மாவின் அறை ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. சட்டமெல்லாம் ரொட்டி வாசனையோடுதான் வரும். அவள் பாட்டை ஒருமுறை கேட்டாள். மாற்றியதை ஒருமுறை கேட்டாள்.

"பதிப்புரிமைன்னு ஒண்ணு இருக்கும்மா. நீங்க உருவாக்கினதை உங்க சம்மதம் இல்லாம எடுக்கக்கூடாது. எடுத்து, அர்த்தத்தையே புரட்டிப் போடவும் கூடாது. நோட்டீஸ் அனுப்பிடலாம். தங்கச்சியும் சேர்ந்துப்பாங்களா?"

"சேர்ந்துப்பா" என்றாள் மேகம். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எப்படியும் சொல்லத்தானே போகிறோம் என்று தங்கைக்கு போன் போடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அங்கேதான் சறுக்கியது.

நோட்டீஸுக்குப் பதில் வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, இது பழங்காலத்து நாட்டுப்பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை. இரண்டு, இதைப் பாடியவரே எங்களுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கீழே தங்கையின் கையெழுத்து. பெயரின் கடைசி எழுத்தை வாலாக இழுத்துவிடும் பழக்கம் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.

மேகம் மறுநாள் பாலம் தாண்டிப் போனாள். தங்கை, கார் ஓட்டிப் பழகும் மைதானத்தில் ஒரு கிழவருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவரை இறக்கிவிட்டுத் தானே ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். மேகம் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டி நகரவில்லை. இரண்டு பேரும் முன்கண்ணாடி வழியாகத் தரையில் நட்டிருந்த கம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் மேகம்.

"நீ சொன்னியா? கேஸ் போடப்போறேன்னு நீ சொன்னியாக்கா?"

மேகம் மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"போன வாரம் வந்தாங்க. கையெழுத்து கேட்டாங்க. போட்டேன். மிரட்டவும் இல்லை, ஒண்ணும் கொடுக்கவும் இல்லை. நானாத்தான் போட்டேன்." தங்கை ஸ்டீயரிங்கை விரலால் தட்டினாள். "அதுக்கு முன்னாடியே ஒருநாள் இங்கே பாடம் நடந்துட்டிருந்துச்சு. வண்டி வந்துச்சு. என் குரல் அக்கா, என் குரல்! எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பாடிட்டே இருந்திருக்க வேண்டியவ நான். கியர், கிளட்ச், பிரேக்குன்னு கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தர் என்னை ஊர் முழுக்கப் பாட வெச்சா, வேண்டாம்னு சொல்வேனா?"

"கடைசி அடியைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"அது நம்மளோடதா?"

"ஒரு அடிதானேக்கா."

"எனக்கு எதிர்ல நின்னு மடிக்கிறவ கடல் தாண்டி வந்தவ. அவளைப் போகச் சொல்லுது அந்த அடி. என் குரல்ல சொல்லுது. உன் குரல்லயும்."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கிழவர் வெயிலில் நின்றுகொண்டு கையால் ஸ்டீயரிங் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தார். பிறகு அவள் சொன்னாள், குரல் தழைந்து: "நீ எப்பவும் மேகத்துலயே இருப்பே. எனக்கு ஒருதடவை மேலே போகணும்னு ஆசை வந்தா மட்டும் கீழே இழுக்கிறே."

மேகம் இறங்கினாள். பாலத்தின் மேல் நடந்தே திரும்பி வந்தாள். ஆறு வெயிலில் தகடு தகடாய் மின்னியது. தங்கை சொன்னதில் தப்பில்லை என்று தோன்றியது. அக்கரை சொன்னதிலும் தப்பில்லை. பாலத்தின் நடுவில் நின்று, கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, நியாயம் என்பது ஒரே பக்கமாக இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நினைத்தாள். ஒரு படகு பாலத்துக்கடியில் நுழைந்து மறைந்து மறுபக்கம் வெளிப்பட்டது. அதைப் பார்த்து முடித்தபோது மனசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வக்கீலம்மாவுக்கு போன் போட்டு, "நடத்துங்க" என்றாள்.

*

நீதிமன்ற அறை நினைத்ததைவிடச் சின்னது. மின்விசிறி ஒன்று காகிதங்களை எழுப்பிவிடாமல் நிதானமாகச் சுற்றியது. தங்கை எதிர்ப்பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை.

நீதிபதி இரண்டு பாட்டையும் கேட்டார். முதல் பாட்டு ஓடும்போது அறையே கொஞ்சம் மெதுவானது போலிருந்தது. வாசலில் நின்ற காவலாளியின் பாதம் தாளம் போட்டது; யாரோ பார்ப்பதைக் கண்டு நின்றது. மேகத்தின் கண்முன் சலவைக்கூடத்து நீராவி எழும்பிவிட்டது. நீதிபதியின் மேசை, நாற்காலிகள், கறுப்பு அங்கிகள் எல்லாம் வெண்மையில் கரைய, எதிர்க்கோடியில் இளவயதுத் தங்கை மட்டும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வக்கீலம்மா அவளை லேசாக இடித்தாள். "உங்களைத்தான் கேட்கிறாங்க."

"மன்னிச்சுக்கங்க" என்று எழுந்தாள் மேகம்.

"இது நீங்க உருவாக்கின பாட்டுன்னு சொல்றீங்க" என்றார் நீதிபதி.

"நான் மட்டும் இல்லைங்க. நானும் என் தங்கச்சியும். பாதி அவளோடது. எந்தப் பாதின்னு கேட்டா சொல்லத் தெரியாது."

வேட்பாளரின் வக்கீல் இது யாருக்கும் சொந்தமில்லாத நாட்டுப்பாட்டு என்று பேசினார். பிறகு தங்கையின் சம்மதத்தை நீட்டினார். வக்கீலம்மா எழுந்தாள்.

"யாருக்கும் சொந்தமில்லாத பாட்டுக்கு எதுக்குங்க இவங்ககிட்ட போய்க் கையெழுத்து வாங்கினாங்க?"

அறையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதிக்கும் உதடு துடித்தது. அவர் தங்கையைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா சொல்றது சரியா? ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதா?"

ஒரு பொய் போதும். நான்தான் முழுக்கச் செய்தேன், அவள் கூடப் பாடினாள் என்று சொல்லிவிட்டால் கதை வேறாகிவிடும். வேட்பாளரின் வக்கீல் அதைத்தான் எதிர்பார்த்தார் போலிருந்தது, ஊக்கமாகத் தலையசைத்தார். தங்கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க. சேர்ந்துதான் செஞ்சோம்." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "கடைசி அடி அவ போட்டது. அது எனக்கு ஞாபகம் இருக்கு."

மேகத்துக்கு அது ஞாபகமில்லை. இன்றுவரை ஞாபகமில்லை.

இரண்டு பேர் சேர்ந்து செய்ததை ஒருத்தர் மட்டும் தூக்கிக் கொடுக்க முடியாது, மற்றவரின் சம்மதமும் வேண்டும் என்றார் நீதிபதி. பாட்டைப் பிரசாரத்தில் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தார். வெளியே வராந்தாவில் மேகம் தங்கையை நோக்கிப் போனாள். தங்கை கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"உண்மையைச் சொன்னேன். அதுக்காக மனசு ஆறிடுச்சுன்னு நினைச்சுக்காதே. அவங்க பாட்டை நிறுத்தினதோட என் குரலையும் நிறுத்திட்டே." படியிறங்கிப் போய்விட்டாள்.

*

பிறகு நடந்தது எதுவும் ஜெயித்தவள் கதை மாதிரி இல்லை. வண்டிகள் வேறு மேளம் அடித்துக்கொண்டு போயின. வேட்பாளர் ஜெயித்தார். வம்பு எதற்கு என்று வானொலியும் பாட்டை ஒத்தி வைத்தது. தடை வண்டிக்குத்தான், வாய்க்கு இல்லை. பஸ்ஸில் ஒரு சின்னப் பெண் அம்மா மடியில் உட்கார்ந்து, மாற்றிய அடியோடு அதையே பாடிக்கொண்டு வந்தாள். அந்தக் குழந்தைக்கு வேறு அடி இருப்பதே தெரியாது. மேகம் அதன் கொலுசில்லாத சின்னக் காலைப் பார்த்துக்கொண்டு தன் நிறுத்தம்வரை வந்தாள்.

அக்கரையை யாரும் அனுப்பிவிடவில்லை. ஜெயித்தபிறகு அந்தப் பேச்சையே காணோம். தடை கிடைத்த அன்று மேகம் ஓடிவந்து சொன்னபோது அவள் "நல்லது அக்கா" என்றாள், அவ்வளவுதான். பாட்டைத் திரும்பப் பாடவில்லை. மேகமும் கேட்கவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து, மழை பெய்த ஒரு காலையில், அக்கரை தன் பாஷையில் ஏதோ பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். நடைக்கு அது அருமையாகப் பொருந்தியது. நெஞ்சை உருக்குகிற மாதிரி இருந்தது. மேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"பானை உடைஞ்சிடுச்சு. அம்மா திட்டுறாங்க. நான் இல்லை, பூனைதான்னு சொல்றேன்."

இரண்டு பேரும் விரிப்பைத் தரையில் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போது மேகத்துக்கு அந்தப் பூனைப் பாட்டு முழுக்கத் தெரியும், ஒரு சொல்லும் விளங்காமல்.

தங்கை நான்கைந்து மாதம் பேசவில்லை. கணவன்தான் பொறுக்க முடியாமல், அவளிடம் கார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று போய்ச் சேர்ந்துகொண்டான். லிஃப்டில் பழகியவன், பிரேக்கைத் தேட வேண்டிய நேரத்தில் பொத்தானைத் தேடினான் என்று அவள் அக்காவுக்கு போன் போட்டுத் திட்டினாள். அப்படித்தான் பேச்சுத் தொடங்கியது.

ஒரு விடுமுறை நாளில் சகோதரிகள் ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், தெரியுமா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன்னைத் தெரியாதா?"

தங்கை ஒரு சுளையை அக்காவிடம் கொடுத்தாள். "ஏதாவது சொல்வேன்னு நினைச்சேன்."

"என்ன சொல்றது? இனிக்குதுன்னு வேணா சொல்றேன்."

தங்கை சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் வெயில் இதமாகிவிட, பேச்சு அறுந்துபோய், அவள் அக்காவின் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். லேசாகக் குறட்டை விட்டாள். அதுவும் கணீர் என்றுதான் இருந்தது. ஆற்றின் மேல் வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது. மேகமும் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனாள். தோள் மரத்துப்போயிருந்தது. எழுப்பவில்லை.